காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மகள் ஒரு படம் போட்டாள். அறுத்துத் தள்ளிய ஒரு மரத்தின் அடிக்கட்டை. அறுத்த இடம் முழுக்கச் சிவப்பு. படத்தோடு ஒரு வார்த்தைகூட இல்லை.

கண்ணமங்கலத்தில் என் மருந்துக் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரணியில் இருக்கும் என் அக்கா உடனே கேட்டாள்: "இன்னாடி இது, பீட்ரூட்டா?" என் மச்சான் கும்பிடும் கைகளை அனுப்பினார். அவர் கல்யாணத்துக்கும் அதைத்தான் அனுப்புவார், சாவுக்கும் அதைத்தான் அனுப்புவார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிர அந்தக் குழுவில் எதுவும் போடுகிறவள் இல்லை. அந்தப் படம் அவளுடைய அலுவலகத்துக்குப் போக வேண்டியது. அவசரத்தில் எங்களுக்கு வந்துவிட்டது. அவள் நிதானமானவள், ஒரு செய்தியைத் தப்பாக அனுப்புகிற அளவுக்கு என்ன அவசரம்? போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி செய்தேன். அதே குரல், அதே வாக்கியம்.

அவள் ஜவ்வாது மலையில் வனக்காப்பாளராக இருக்கிறாள். கல்லூரியில் தாவரவியல் படித்தாள். வங்கிப் பரீட்சை எழுதச் சொன்னாள் அவள் அம்மா. இவள் வனத்துறைப் பரீட்சை எழுதித் தேறி, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மலையேறிவிட்டாள். மலைக்காரர்கள் அவளைக் காட்டு மேடம் என்பார்கள். லீவில் வந்தால் எங்களுக்கு மரங்களைப் பற்றித்தான் பேசுவாள். வேங்கை மரத்தை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும், நேரம் ஆக ஆக அது கறுத்துப் போகும் என்று ஒருமுறை சாப்பிடும்போது சொன்னாள். "சோறு தின்ற நேரத்துல இன்னா பேச்சு இது" என்றாள் என் மனைவி.

அதனால்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் இருந்தது கறுக்கவில்லை. அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் வெட்டியவர்கள் அங்கேதான் எங்கோ இருக்கிறார்கள். அவள் தங்கியிருக்கும் ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில் நின்றால் செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல் வரும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். படத்தை அனுப்பிய கையோடு பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள்.

அவள் கொடுத்து வைத்திருந்த அலுவலக எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். படத்தை அவருக்கு அனுப்பினேன். காலையிலேயே சந்தேகம் என்று வாக்கி டாக்கியில் சொல்லியிருக்கிறாளாம். ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், ஆனால் மழையில் போளூர்ப் பக்க மலைச்சாலையில் மண் சரிந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார். அவள் தனியாக இல்லை, காவலுக்குப் போகும் உள்ளூர் வாட்ச்சர் கூட இருக்கிறார் என்றார். பதற்றப்படாதீர்கள் என்று முடித்தார்.

அந்த மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மாசி மாதம். மாசியில் எங்கள் பக்கம் வேப்பிலை கொட்டும், வெயில் ஏறும், மழை பெய்யாது. அந்த வருடம் கார்த்திகையில் பொய்த்துவிட்டு மாசியில் கொட்டியது. நான் வானிலை படித்தவன் இல்லை. ஆனால் என் கடை அலமாரியே எனக்குச் சொல்கிறது. குழந்தைகளுக்கான சளி மருந்தை ஐப்பசிக்கு முன்னால் வாங்கி நிரப்பினால் போதும் என்றிருந்தது ஒரு காலம். இப்போது அது எந்த மாதம் தீரும் என்று கணிக்க முடிவதில்லை. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தை மாதத்திலேயே கேட்டு வருகிறார்கள், வெயிலில் மயங்கி விழுந்தவர்களுக்காக. ஆற்றில் தண்ணீர் வந்தால் ஒரே நாளில் செம்மண்ணாக வந்து, மறுநாள் மணலாகிவிடுகிறது. மலையில் மரம் நின்றால் மழை மெல்ல இறங்கும், மரம் போனால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக இறங்கும் என்று என் மகள் இதற்கு விளக்கம் சொல்வாள். நான் தலையாட்டுவேன். ஆனால் அவள் சொல்லும்போதெல்லாம் என் மனசுக்குள் ஓடியது வேறு: அதைக் காப்பாற்ற என் பெண்தானா கிடைத்தாள்?

ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி கடை வாசலில் நின்றாள். அவளும் படத்தைப் பார்த்திருக்கிறாள். வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"வண்டிய எடுங்க" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

அமிர்தி வழியாக ஏறினோம். மலைச்சாலையில் அங்கங்கே தண்ணீர் குறுக்கே ஓடியது. ஒரு வளைவில் வண்டி வழுக்கி, இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். எதிரே சவுக்கு மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. பட்டா நிலத்தில் வளர்த்த சில்வர் ஓக் மரத்தைத்தான் அங்கே சவுக்கு என்கிறார்கள். அதை வெட்டி விற்க அனுமதி உண்டு. மேலே அதை அடுக்கி, அடியில் வேங்கையையும் ஈட்டியையும் வைத்துக் கடத்துகிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த லாரி போய் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் எது இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? மனைவி முதுகில் தட்டி, ரோட்டைப் பாருங்கள் என்றாள். பாதி மலை ஏறிய பிறகு மறுபடி பேசினாள்.

"பேங்க்ல இருந்திருந்தா இந்நேரம் பாஸ்புக்கு போட்டுக்கினு இருந்திருப்பா."

மகள் தங்கியிருந்த ஊரை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவள் வாடகைக்கு இருக்கும் அறை, அவளோடு காட்டுக்குப் போகும் வாட்ச்சரின் வீட்டை ஒட்டியது. வாட்ச்சரின் மனைவி வாசலில் தார்ப்பாயை விலக்கி, பொறுக்கி வந்த கடுக்காயைப் பரப்பிக்கொண்டிருந்தார். மழை ஈரத்தில் பாதிக்குமேல் பூசணம் பிடித்திருந்தது. அவருக்கு என் மனைவியின் வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முதலில் தண்ணீர் கொடுத்தார்.

காலையில் கூழ் குடித்துவிட்டு இரண்டு பேரும் ஓடைப்பக்கம் போனவர்கள், இன்னும் வரவில்லை என்றார். அவரும் கலங்கித்தான் இருந்தார். கடுக்காயைப் பரப்பிய கை நிற்கவேயில்லை. மதியத்திலிருந்து பள்ளத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, குளவி சுற்றுகிற மாதிரி என்றார். பேட்டரியில் ஓடும் ரம்பம். பழைய ரம்பம் போல மலையையே எழுப்பாது. பள்ளத்தின் விளிம்புக்குப் போனால்தான் கேட்கும். மழை பெய்து ரோடு போன நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள், இந்த நாளில் மேலே ஆள் வர நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார்.

ஊர் நாட்டாரும் இன்னும் சிலரும் மேட்டின் மறுபக்கத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஊருக்குப் பெரியவரை அங்கே நாட்டார் என்கிறார்கள். அவர் வரும்வரை எங்களை உட்காரச் சொன்னார் அந்த அம்மா.

"அந்தாண்ட சரிவுல மரம் போன வருசம் சுனையும் போச்சிங்க. கீழ சாமைக் கொல்லைக்கு எறங்கற தண்ணி இந்தப் பள்ளத்துலர்ந்துதான். இதுவும் போனா நாங்க எங்க போறது. அதான் ஊரே எறங்கியிருக்குது. நீங்க ஒக்காருங்க."

என்னால் உட்கார முடியவில்லை. ஊருக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால் பள்ளம் தெரியும் என்று நினைத்தேன். ஏறினேன். மனைவியும் பின்னால் வந்தாள். கீழே மரங்களின் தலைகள்தான் தெரிந்தன. ஈரத்தில் கறுத்த அடிமரங்கள், இலை உதிர்த்தும் உதிர்க்காமலும் நிற்கும் கிளைகள், அவற்றுக்கு நடுவே மெல்ல எழுந்துகொண்டிருந்த பனி. அந்தச் சத்தமும் கேட்டது. குளவிச் சத்தம் என்று அந்த அம்மா சொன்னது சரிதான்.

நான் என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பள்ளத்தில் விழுந்த பெயர் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்து இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பின்னாலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வாட்ச்சரின் மனைவி. பாறையில் ஏறி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"காட்ல பேர சொல்லி கூப்புடாதீங்க."

ஏதோ பேய் நம்பிக்கை என்று நினைத்தேன். காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு ஏதாவது பதில் கொடுக்கும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாத நேரத்தில் இது ஒன்றா என்று கோபம் வந்தது. கையை உதறிக்கொண்டு மூன்றாவது முறை கூப்பிட்டேன். முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் இருப்பது போல.

ரம்பம் நின்றது.

அதுவரை அந்தச் சத்தம் எனக்குப் பயத்தைத் தந்தது. அது நின்றபோது வந்த பயம் அதைவிடப் பெரியது. பறவைச் சத்தம்கூட இல்லை. மரங்களிலிருந்து பழைய மழைத் துளிகள் சொட்டுவது மட்டும் கேட்டது.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் பாறைக்குப் பின்னால் இழுத்துக் குந்த வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். கோபம் குரலில் இருந்தது.

"காட்ல நாங்க யாரும் பேர் சொல்ல மாட்டோம். கூ குடுப்போம். இவன் கூவு இன்னான்னு அவனுக்குத் தெரியும். பேர் கேட்டுச்சின்னா அது நம்ம ஆளு இல்ல. போன வருசம் எங்க வூட்டுக்காரர பேர் சொல்லி கூப்ட்டானுங்க அந்த மரம் வெட்றவனுங்க. இவரு இன்னான்னு ஒரு வார்த்த கேட்டுட்டாரு. அதுக்கே கல்லு வந்துது. காது கிட்ட இன்னும் வடு கெடக்குது. பொண்ணுக்கு இதெல்லாம் தெரியும். நீங்க கூப்புட கூப்புட அவ வாயத் தொறக்க மாட்டா. அவரும் தொறக்க மாட்டாரு."

பிறகு, கொஞ்சம் தணிந்து, தன் புடவைத் தலைப்பைப் பார்த்தபடி சொன்னார்: "உள்ள இருக்கறது என் வூட்டுக்காரரும்தாங்க."

என் மகளுக்கு அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, மனைவியைக்கூடக் கேட்காமல் சொல்லிவிட்டேன். பிறகு அதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெயரால் பள்ளிக்கூட வாசலில் கூப்பிட்டிருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டிருக்கிறேன், காய்ச்சலில் அனத்தியபோது காதருகே கூப்பிட்டிருக்கிறேன். எங்கே கூப்பிட்டாலும் என்னிடம் வந்திருக்கிறாள். அது கேட்டு அவள் இன்னும் ஆழமாக ஒளிவாள் என்பதை என் மனசு வாங்கிக்கொள்ள மறுத்தது. அந்த நாளுக்குப் பிறகு வீட்டுக்குள்ளேகூட அவள் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. பாப்பா என்கிறேன். அவளுக்கு அது பிடிப்பதில்லை.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. பாறையின் ஈரமான பக்கத்தில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நாட்டார் ஓட்டமும் நடையுமாக மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்த மனிதர், முண்டாசு நனைந்திருந்தது. அவரோடு வந்தவர்கள் எங்களைத் தாண்டி நின்றார்கள்.

"யாரு பேர சொன்னது?"

"பொண்ணோட அப்பா" என்றார் வாட்ச்சரின் மனைவி.

நாட்டார் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெத்தவங்க" என்றார் தன் ஆட்களிடம், அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது போல. பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே எழுந்துக்காதீங்க. தலையத் தூக்காதீங்க" என்றார்.

கூட வந்தவர்களைப் பள்ளத்தின் விளிம்போடு அனுப்பினார். ஊருக்குள் சொல்லி அனுப்ப, வீட்டுக்கு ஓர் ஆளாகப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டு வரிசையாகக் காட்டைச் சுற்றிப் போனார்கள். யாரும் ஓடவில்லை, பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு இடப்பக்கத்திலிருந்து முதல் கூவு எழுந்தது. நீண்டு போய், முடிவில் மேலேறி அறுந்தது. அது அறுந்ததும் அடுத்தவர், அவருக்குப் பின் அடுத்தவர். அது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்ச்சரிவில் மெலிந்து, பிறகு வலப்பக்கமாகத் திரும்பி எங்களிடம் வந்தது. வாட்ச்சரின் மனைவி பாறைக்குப் பின்னால் குந்தியபடியே தன் பங்குக்குக் கூவினார். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

"பதில் குடுக்க மாட்டாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அங்கே வந்தபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

பெயர் கேட்டுவிட்டதால் இனிக் கூவுக்கும் பதில் தரமாட்டார்கள், கூவு யாருடையது என்று நிச்சயமாகும்வரை ஒளிந்துதான் இருப்பார்கள் என்றார் அந்த அம்மா. இந்தக் கூவு உள்ளே இருக்கிற நம்மவர்களுக்கு இல்லை, வெட்ட வந்தவர்களுக்கு. சுற்றிலும் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

மூன்றாம் சுற்றோ நான்காம் சுற்றோ வந்தபோது, பள்ளத்தின் அடியில் எங்கோ ஒரு வண்டி உறுமிக் கிளம்பியது. சேற்றில் சக்கரம் சுழல்வது தெளிவாகக் கேட்டது. பிறகு அது தூரமாகி, இல்லாமல் போனது. இரவில்தான் வந்து சேர்ந்த வனத்துறை ஆட்கள் மறுநாள் அந்த வண்டியை ஓடைக் கரையில் மண்ணில் புதைந்த நிலையில் பிடித்தார்கள். ஆட்கள் கிடைக்கவில்லை. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவர்கள் போகிறார்கள் என்றால், எதைச் செய்துவிட்டுப் போகிறார்கள்?

நாட்டார் நான்கு பேரோடு உள்ளே இறங்கினார். நானும் எழுந்தேன். ஒரு பெண் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பனி பாறைவரைக்கும் ஏறி வந்தது. வெளிச்சம் சாம்பல் நிறமானது. மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. என் மகளுக்கு இந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தெரியும். கடுக்காய், கருமருது, நாவல், ஈட்டி என்று பட்டையைத் தொட்டே சொல்வாள். நான் அவற்றைப் பார்த்து, என் பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மரங்கள் நின்றால் போதும் என்று அவள் நினைப்பாள். அவள் வந்தால் போதும், அத்தனை மரங்களும் போகட்டும் என்று அந்தப் பாறைக்குப் பின்னால் நான் நினைத்தேன். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. நமக்குச் சோறும் தண்ணீரும் தருகிற காட்டை ஒரு நொடியில் விலைபேசிவிட்டேன்.

முதலில் காலடிகள் கேட்டன. பிறகு நாட்டாரின் முண்டாசு. அவருக்குப் பின்னால் வாட்ச்சர், செருப்பில்லாமல், முழங்கால்வரை சேற்றோடு. தன் மனைவியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். கடைசியாக என் மகள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. தொப்பி தலையில் இல்லை, கையில் கசங்கியிருந்தது. அதன் விளிம்பு ஈரமாகப் பல் பட்டுப் பிய்ந்திருந்தது.

அவள் முதலில் ஊராரிடம்தான் பேசினாள். பள்ளத்துக்கு யாரும் ஆடுமாடு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், ஓடையோரம் ஒரு பெரிய கருமருதைப் பாதி அறுத்து விட்டுப் போயிருக்கிறார்கள், அது நின்றபடி இருக்கிறது, காற்றடித்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது என்றாள். காக்கிச் சட்டைக் குரலில் சொன்னாள். நாட்டார் சரி என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் நெருங்கவில்லை.

நான் கூப்பிட்டது கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுது. மொத தடவயே உங்க குரல்னு தெரிஞ்சிடுச்சிப்பா" என்றாள். "நீங்க மூணாவது தபா கூப்ட்டீங்கல்ல, அப்ப ரம்பத்த வச்சிட்டு அவனுங்க உங்க பக்கமாதான் ஏறி வந்தானுங்க, பாறைய நோக்கி. நான் புதர்லர்ந்து பாத்துக்கினு இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா நீங்க எங்கிட்ட ஓடி வந்திருப்பீங்க. நடுவுல அவனுங்க. கூவு வர வரைக்கும் தொப்பிய கடிச்சிக்கினு, நீங்க இன்னொரு தபா கூப்புடக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தேம்பா."